வாள் வசனம்

வாள் வசனம் என்பது திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயமான அத்தவ்பாவின் 5ஆம் வசனத்துக்கு விரிவுரையாளர்கள் வழங்கிய பெயராகும். அரபியில் ஆயத்துஸ் ஸைஃப் எனப்படும். புனித மாதங்கள் கழிந்தபின் இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறும், அவர்கள் மனந்திருந்தித் தொழுது ஸகாத்தும் கொடுப்பின் விட்டுவிடுமாறும் இவ்வசனம் கூறுகிறது. வாள் என்னும் பொருளுடைய அரபுச் சொல் இதில் மட்டுமன்று, குர்ஆனில் எங்கும் இல்லை.

வரலாற்றுப் பின்னணி

கி.பி. 628இல் முகம்மது நபிக்கும் மக்காவின் குறைஷியருக்கும் இடையே ஹுதைபியா உடன்படிக்கை ஏற்பட்டது. குறைஷியரின் நட்புக் குலமான பனூ பக்ர், முஸ்லிம்களின் நட்புக் குலமான குஸாஆவைத் தாக்கியதால் அது முறிந்தது. 630இல் மக்கா முஸ்லிம்கள் வசமாயிற்று. மறு ஆண்டு (ஹிஜ்ரி 9) அபூபக்ர் தலைமையில் நடைபெற்ற ஹஜ்ஜின்போது, இவ்வத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை அலீ மக்கள் முன் அறிவித்தார் என மரபு நூல்கள் கூறுகின்றன.

அவ்வறிவிப்பில் ஐந்தாம் வசனம் தனித்து நிற்கவில்லை. 2ஆம் வசனம் நான்கு மாத அவகாசம் அளிக்கிறது. உடன்படிக்கையை மீறாதவர்களுக்கு அதன் தவணை முடியும்வரை 4ஆம் வசனம் விலக்களிக்கிறது. அடைக்கலம் கேட்கும் இணைவைப்போரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு 6ஆம் வசனம் பணிக்கிறது. வாக்குறுதியை முறித்து, முதலில் பகை தொடங்கியவர்கள் என்று 13ஆம் வசனம் எதிரிகளை அடையாளம் காட்டுகிறது. "புனித மாதங்கள்" என்பது வழக்கமான நான்கு மாதங்களா, அளிக்கப்பட்ட அவகாசமா என்பதில் பண்டைய விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

விளக்க முறைகள்

வசனம் இறங்கிய சூழலை ஆராயும் துறை அஸ்பாபுன் நுஸூல் எனப்படும். 11ஆம் நூற்றாண்டில் அல்வாஹிதீ இதற்கெனத் தனி நூல் இயற்றினார். எனினும் சூழலைக் கூறிவிட்டால் விவாதம் முடிந்துவிடுவதில்லை. காரணம் குறிப்பிட்டதாயினும் சொல்லின் பொதுமையே கொள்ளப்படும் என்பது சட்டவியலாளர் பலர் ஏற்ற விதியாகும். மேலும், பொறுமையையும் மன்னிப்பையும் போதிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்களை இவ்வசனம் மாற்றிவிட்டது எனக் கருதிய பண்டைய அறிஞர்களும் இருந்தனர். தற்கால அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. உடன்படிக்கையை முறித்த அரபுக் குலங்களுக்கே கட்டளை உரியது என்பர்.

கல்கத்தா வழக்கு

இக்கேள்வி இந்திய நீதிமன்றத்துக்கும் வந்தது. குர்ஆனின் வசனங்கள் பலவற்றை எடுத்துக்காட்டி, அந்நூலின் படிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிடுமாறு சந்த்மல் சோப்ரா என்பவர் 1985 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மனு அளித்தார். அதே ஆண்டு மே 17 அன்று நீதிபதி பிமல் சந்திர பசாக் மனுவைத் தள்ளுபடி செய்தார். புனித நூல் குறித்து நீதிமன்றம் தீர்ப்புக் கூற இயலாது என்பதோடு, சில பகுதிகளைச் சூழலிலிருந்து பிரித்துப் பார்த்து முடிவு செய்வது ஆபத்தானது என்றும் அவர் குறிப்பிட்டார். வசனங்களின் பொருளை அவர் தீர்மானிக்கவில்லை. அப்பணி விரிவுரையாளர்களிடமே எஞ்சியது.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவும் மூலத்தில் இல்லாத விளக்கச் சொற்களை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது வழக்கம். இவ்வசனத்தைப் படிப்போர் அக்குறிகளைக் கவனித்தல் வேண்டும். அவற்றுள் இருப்பது மொழிபெயர்ப்பாளர் ஏற்ற விரிவுரையே.