உடைக்காமல் வைத்த மல்லாட்டை

எங்கள் தென்னார்க்காட்டில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மருவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதி மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பயணம் சுருங்கியது. ஏற்றுமதியான சரக்குக்குக் கணக்கு இருக்கிறது. தோலுடைத்த பெண்கள் அந்த ஆவணங்களுக்குள் வருவதே புகாரின் வழியாகத்தான்: உடைக்க எளிதாக இருக்கக் காயை நனைக்கிறார்கள், ஈரப் பருப்பு வழியில் புழுங்கி எண்ணெய் காறலாகிவிடுகிறது. புகார் உண்மைதான். ஆனால் நனைந்த பருப்பின் கூடுதல் எடை யாருக்கு லாபம்? கூலிக்கு உடைத்தவளுக்கு அல்ல.

தன் வீட்டு விதையை அவள் நனைக்க மாட்டாள், உடைக்கவும் மாட்டாள். தோலோடு காய்ந்த காய்க்குள் பருப்பு பல மாதம் தாங்கும். உடைத்துவிட்டால் சீக்கிரம் காறும், முளைப்புத் திறனும் போய்விடும். குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும்வரை வெயில். பிறகு சாக்கில் கட்டி, தரையும் சுவரும் படாமல் பலகைமேல். புளிக்குப் பக்கத்தில் வைப்பது ஆபத்து: புளியங்காயில் வாழும் வண்டு ஒன்று மல்லாட்டையையும் துளைக்கும்.

மரக்காணம் கரையில் இது இன்னும் கடினம். ஆடியில் மானாவாரியாக விதைத்ததை அடைமழை ஐப்பசியில் பிடுங்க வேண்டும். அடுத்த ஆடிவரை காப்பாற்ற வேண்டும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீர்விடத் தொடங்கும். பகலில் அளத்தில் உப்பு வாருகிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுக்களையில் உப்புச் சாடி கசிந்தால், மல்லாட்டை மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டிய நாள்தான்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் டி.எம்.வி. 2 ரகத்தை வெளியிட்டது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்த ரகம் அது. ஆராய்ச்சி நிலையத்துக்கு வருமுன்பே அந்தக் கடலையை ஆண்டுதோறும் விதைக்கு ஒதுக்கி, பூஞ்சை தொடாமல் வைத்திருந்த வீடுகள் இருந்தன. ரகத்தின் பெயரில் நிலையம் மட்டும் இருக்கிறது.

அந்தப் பூஞ்சை என்ன செய்யும் என்று உலகம் அறிந்தது 1960இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது. நல்ல பருப்பு விலைக்கும் விதைக்கும் போன வீடுகளில், பொறுக்கித் தள்ளிய சொத்தையும் சுருங்கலும் யார் வட்டிலுக்கு வந்தன என்று எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் எழுதவில்லை.