ஒட்டகத்தின் பாதமும் வாகனத்தின் பிரேக்கும்



விற்ற பொருளில் குறை இருப்பது பின்னர் தெரியவந்தால் வாங்கியவரைத் தேடிச் சென்று அதைச் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் மோட்டார் வாகனங்களோடு பிறந்ததன்று. முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை மதரஸா மாணவர்கள் அறிவார்கள். அபூ ஸிபாஃ என்பவர் நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் வீட்டாரிடம் ஓர் ஒட்டகத்தை விலைபேசி வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் ஆடை தரையில் இழுபட விரைந்து வந்து அவரை நிறுத்தினார்கள். இதன் குறையை உமக்குச் சொன்னார்களா என்று வினவினார்கள். பிறகு, இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கைகூடிய வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று ஒட்டகத்தின் உரிமையாளர் வருந்தியபோது, குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவருக்கும், அதை அறிந்திருந்தும் வாய் திறவாதிருப்பது அறிந்தவருக்கும் ஆகுமானதன்று என்ற கருத்தைத் தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருப்பதாகப் பதிலளித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் வாஸிலா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியே நம்மை வியக்க வைக்கிறது. இறைச்சிக்கு வாங்கிய ஒட்டகமானால் பாதத்தின் ஓட்டை பெரிய குறையன்று. பயணத்துக்கானால் அது உயிரோடு விளையாடும் குறை. எந்தப் பயனுக்காகப் பொருள் வாங்கப்பட்டதோ அந்தப் பயனை வைத்தே குறையின் கனத்தை அளக்க வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்று வழங்கும் சட்டப் பகுதி, அதாவது குறை கண்ட பொருளைத் திருப்பித்தரும் உரிமை, இந்த அடிப்படையின்மீதே விரிகிறது. குடும்பத்தோடு ஏறிச் செல்லும் வாகனத்தில் இருக்கை உறையின் தையல் பிரிவதும் குறைதான். பிரேக் பிடிக்காமற்போவதும் குறைதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எந்த ஃபகீஹும் துணியமாட்டார்.

மோட்டார் உலகம் இந்தக் கடமையைச் சட்டமாக ஏற்றுக்கொண்டது மிக அண்மையில்தான். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர் கார்த் தொழிற்சாலைகளின் அலட்சியத்தை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். அது எழுப்பிய கொந்தளிப்பில் 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குறை தெரிந்தவுடன் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி வாகனத்தை வரவழைத்துச் செலவின்றிச் சரிசெய்து தரும் 'ரீகால்' நடைமுறை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது.

சட்டம் வந்தவுடன் மனிதர்கள் நேர்மையாகிவிடவில்லை. ஜப்பானின் மிட்சுபிஷி மோட்டார்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சாட்சி. வாடிக்கையாளர்களின் புகார்களை அரசுக்குக் காட்டாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிறுவனம் மறைத்து வந்தது 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. 2001 பிப்ரவரியில் அதன் பஜேரோ வாகனத்தின் இரு மாதிரிகளைச் சீன அரசு இறக்குமதி செய்யத் தடை விதித்தது. பின்புற அச்சின் பிரேக் குழாய் அருகிலுள்ள வால்வோடு உரசி உரசித் தேய்ந்து, உள்ளிருக்கும் பிரேக் ஆயில் கசிந்துவிடும் என்பதே காரணம். சீனாவின் நிங்சியா பகுதியில் ஓர் ஓட்டுநர் பிரேக் பிடிக்காமல் தவித்ததிலிருந்து அந்த விசாரணை தொடங்கியது. 2002 ஜனவரியில் யோகோஹாமா நகரில் அதே நிறுவனத்தின் லாரி ஒன்றிலிருந்து சக்கரம் கழன்று ஓடி, பிள்ளைகளோடு நடந்துசென்ற ஒரு தாயின் உயிரைப் பறித்தது. உரிமையாளர் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை 2004இல்தான் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் லாரி உரிமையாளர் சுமந்த பழியை யார் கணக்கிடுவார்?

இவ்வரலாற்றில் நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. குறை தெரிந்தது, கடிதம் வந்தது, வாகனம் பணிமனைக்குச் சென்று 'சரிசெய்யப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பியது. அதன் பிறகும் பிரேக் தவறினால்?

2014 ஏப்ரலில் கிரைஸ்லர் குழுமம் தனது ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ ஆகிய பெரிய குடும்ப வாகனங்கள் 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை உலகெங்கும் திரும்ப அழைத்தது. பிரேக் பூஸ்டரின் நடுப்பகுதி துருப்பிடித்து உள்ளே நீர் புகுந்துவிடும். குளிர்காலத்தில் அந்நீர் உறைந்தால் பிரேக்கின் வலு குன்றும். தண்ணீர் படாமல் தடுக்க ஒரு மறைப்புத் தகட்டைப் பொருத்துவதே தீர்வு என அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில், அந்தப் பணி முடிந்த வாகனங்களிலும் பெடல் கல்லைப் போல் இறுகிப் பிரேக் பிடிக்கவில்லை என்று உரிமையாளர்கள் அரசிடம் முறையிட்டனர். திருத்தமே போதுமானதா என்று அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அமைப்பு விசாரிக்க வேண்டியதாயிற்று. தக்காட்டா காற்றுப்பை விவகாரமும் இப்படித்தான். குறையுள்ள பையை எடுத்துவிட்டு, பல வாகனங்களில் அதே வகை வெடிமருந்து கொண்ட புதிய பையையே பொருத்தினார்கள். அதையும் பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று.

பிரேக்கில் இத்தகைய தவறு நேர்வது எப்படி என்பதை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம். வாகனம் ஓட்டுபவர் மட்டும் அறிந்தால் போதும் என்று நாம் கருதவில்லை. காலால் பெடலை அழுத்தும் விசையைப் பூஸ்டர் பன்மடங்காக்குகிறது. அவ்விசை மாஸ்டர் சிலிண்டருக்குச் சென்று பிரேக் ஆயிலைக் குழாய்களின் வழியே தள்ளுகிறது. ஆயில் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள பிரேக்கை இயக்குகிறது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதே இவ்வமைப்பின் உயிர். காற்று சுருங்கும். மாஸ்டர் சிலிண்டரையோ ஒரு குழாயையோ கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். அதை முழுவதும் வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுப்பது' என்பர். அவசரத்தில் ஒரு சக்கரத்தில் ஏர் எடுக்காமல் விட்டாலும் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், பிரேக்கின் பிடி தாமதமாகும். ஆகவே குறையைத் தீர்க்க எடுத்த கையே புதிய குறையை உண்டாக்கிவிடக் கூடும். பெடல் இறுகினால் பூஸ்டரையும், பஞ்சுபோல் அமுங்கினாலோ மெல்லத் தரையை நோக்கி இறங்கினாலோ காற்றையும் கசிவையும் சந்தேகிக்க வேண்டும்.

இது தொலைதேசத்துக் கதையன்று. 2013 மே மாதம், சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் தயாரான நிசான் மைக்ரா, சன்னி கார்கள் 22,188 திரும்ப அழைக்கப்பட்டன. காரணம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர். 2012 ஜூன் முதல் 2013 மார்ச் வரை தயாரானவை அவை. மறு ஆண்டு பிப்ரவரியில் ஹோண்டா நிறுவனம் பிரியோ, அமேஸ் கார்கள் 31,226இல் பிரேக் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் வால்வை மாற்றித்தர முன்வந்தது. அந்நாளில் இந்தியாவில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவுமில்லை. வாகனத் தயாரிப்பாளர் சங்கம் 2012 ஜூலையில் தானே வகுத்துக்கொண்ட தன்னார்வ விதி மட்டுமே இருந்தது. குறையைச் சொன்னவர்கள் விரும்பிச் சொன்னார்கள் என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். விரும்பாதவர்கள் சொல்லாமலிருக்கவும் வழி திறந்தே இருந்தது.

அந்த வழி 2019இல்தான் அடைபட்டது. அவ்வாண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஒரு வாகனத்தின் குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவர்களுக்கோ, சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியதானால் மத்திய அரசே திரும்ப அழைக்க ஆணையிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். நிறுவனம் தவறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

'சாலையில் செல்லும் மற்றவர்கள்' என்ற சொற்கள் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். ரமணாசிரமம் பகுதியில் செங்கம் சாலையைக் கடப்பவர்கள் இதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி இச்சாலைதான். பௌர்ணமியில் மட்டுமன்று, சாதாரண நாள்களின் மாலையிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள், சைக்கிளில் செல்லும் வெளிநாட்டார், ஆட்டோக்கள், பெங்களூரிலிருந்து வரும் பெரிய கார்கள் எல்லாம் ஒரே தார்ச்சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே ஒரு வாகனத்தின் பிரேக் தவறினால் முதலில் அடிபடுபவர் அதை வாங்கியவர் அல்லர்; அதை வாங்குவதிலோ விற்பதிலோ எந்தப் பங்கும் இல்லாத பாதசாரி.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் இதை அனுபவித்தது. ஏழு பேர் அமரும் வாகனம். ரீகால் கடிதம் வந்து, பணிமனையில் விட்டு எடுத்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. செங்கத்திலிருந்து பிள்ளைகளோடு திரும்பும்போது ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. ஓட்டிய சகோதரர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்திலிருந்த மணற்குவியலில் ஏற்றி நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. பணிமனையில் கிடைத்த பதில்தான் காயப்படுத்தியது: வேலை முடிந்ததாகக் கணினியில் இருக்கிறது, நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை. "ஹஜ்ரத், பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற வண்டிய நான் அப்படியா ஓட்டுவேன்?" என்று அவர் எம்மிடம் கேட்டபோது யோகோஹாமாவின் அந்த லாரி உரிமையாளரே எமக்கு நினைவுக்கு வந்தார்.

அவருக்குச் சொன்ன விவரங்களை வாசகர்களுக்கும் சொல்வது பொருத்தம். ரீகால் பணிக்கு விடும்போது ஜாப் கார்டில் எந்தப் பாகம் மாற்றப்படுகிறது என்று எழுதி வாங்க வேண்டும். செலவில்லாப் பணிதானே என்று பலர் காகிதமே கேட்பதில்லை. பிறகு எதைக் காட்டி வழக்காடுவது? கழற்றிய பாகத்தைப் பார்க்கக் கேட்கலாம். எடுத்துச் செல்லும் முன் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் வண்டியை எடுக்காமல் அங்கேயே எழுத்தில் புகார் தர வேண்டும். மீண்டும் குறை தோன்றினால் பணிமனையோடு நிற்காமல், தயாரிப்பு நிறுவனத்துக்கும், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் புகார் பதிய வேண்டும். ஒரு குடும்பத்தின் புகார் தனியே நின்றால் ஓட்டுநரின் தவறு எனப்படும். பல குடும்பங்களின் புகார்கள் சேர்ந்தால் விதிப்படி விசாரணை ஆகும். இழப்பீடு கோர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரும் பழுதுபார்த்தவரும் பொறுப்பேற்க வேண்டிய நிலையை அச்சட்டம் தனி அத்தியாயமாகவே வகுத்துள்ளது. அந்தச் சகோதரர் பழைய ஜாப் கார்டைத் தேடி எடுத்துவிட்டார். நிறுவனத்துக்கும் வாகன் தளத்துக்கும் புகார் அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.

ஒரு செய்தி மீதமிருக்கிறது. 2021ஆம் ஆண்டு விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். நம்மில் பலர் ஓட்டுவதோ மூன்றாம் கை, நான்காம் கை வண்டிகள். ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போய் அங்கேயே கிடக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்டால், நிலுவையிலுள்ள ரீகால் பணி தெரிந்துவிடும். பழைய வண்டியை வாங்கும் முன்பு இதைப் பார்ப்பது வாங்குபவரின் எச்சரிக்கை. நம் வண்டியை விற்கும்போது, நம் கைக்கு வந்து படிக்காமல் மடித்து வைத்த அந்தக் கடிதத்தை வாங்குபவரிடம் சேர்த்துக் கொடுப்பது வாஸிலா (ரலி) அவர்களின் வழி.