கப்பலேறி வந்த குட்டி வாத்தியம்

எமது சங்கத்தின் சனிக்கிழமை இசை வகுப்புக்கு இரண்டு யுகுலேலே பேஸ் வாங்குவதா விடுவதா என்ற பேச்சு சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்ததும், ஒரு முடிவும் எடுபடாமல் தேநீரோடு கலைந்ததும் உறுப்பினர்கள் அறிந்ததே. "வீணை, மிருதங்கம் படிக்க வேண்டிய பிள்ளையளுக்கு உந்த விளையாட்டுச் சாமான் என்னத்துக்கு?" என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். "பிள்ளையள் ஆசைப்பட்டுக் கேக்குதுகள், வாங்கிக் குடுங்கோவன்" என்ற தாய்மார் மறுபக்கம். இந்த வாத்தியம் ஒன்றைச் சில வருடங்களாகச் சொந்தமாக வைத்து வாசித்து வருபவன் என்பதால், இதைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டார்கள். ஏதோ விளையாட்டுச் சாமான் என்று தள்ளப்படும் இந்தப் பொருளுக்குப் பின்னால் பஞ்சம், ஒப்பந்தக் கூலி, கப்பல், பறிபோன ஓர் இராச்சியம் என்று நீண்ட கதை இருக்கிறது. அதை அறிந்த பிறகு சபை முடிவு செய்யட்டும்.

முதலில் ஆளைப் பார்ப்போம். சாதாரண பேஸ் கிற்றாரை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு வரும் இசைக்கோஷ்டிகளில் மேடையின் ஓரத்தில் ஒருவர் அதிகம் அசையாமல் நின்று வாசிப்பாரே, அதுதான். 1951 இல் அமெரிக்காவில் லியோ பெண்டர் வெளியிட்ட மின் பேஸ் கிற்றாரில் நரம்பின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிற்றார்களுக்கு அதுவே அளவு. என்னிடமுள்ள யுகுலேலே பேஸில் அந்த நீளம் 20 அங்குலம் சொச்சம். வாத்தியம் முழுவதையும் அளந்தாலும் 30 அங்குலத்தைச் சுற்றித்தான் வரும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் இரண்டுக்கும் சுருதி ஒன்றே. அடி நரம்பு வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. யுகுலேலேயின் வழமையான சுருதியில் ஆகத் தாழ்ந்த நரம்பு 262 தடவை அதிர்கிறது என்றால், எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

நரம்பு குட்டையானால் சுருதி மேலே போகும் என்பது வீணைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருக்க இந்தக் குட்டை நரம்பு எப்படி அடிக்குரலில் பேசுகிறது? மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குப் பாரம் ஏற, ஒலி கீழே இறங்குகிறது. இங்கும் அதே வித்தைதான். 34 அங்குலத்திலிருந்து 20 அங்குலத்துக்கு வரும்போது சுருதி மாறாமலிருக்க வேண்டுமென்றால், இழுவிசையோடு ஒப்பிட நரம்பின் பாரம் ஏறத்தாழ மூன்று மடங்காக வேண்டும். உருக்குக் கம்பியை அந்த அளவுக்குத் தடிப்பாக்கினால் அது விறைத்துப் போய் நாதம் கெடும். தடிப்பாக்காமல் தளர்த்தினால் தொங்கும். ஆகவே உருக்கை விட்டுவிட்டு இறப்பர் போன்ற பொருளுக்குப் போனார்கள். தடிப்பாகவும் இருக்க வேண்டும், வளைந்தும் கொடுக்க வேண்டும். பார்வைக்குக் கறுப்பு மின்சார வயர் போலிருக்கும் இந்த நரம்பில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. இதை யார் கண்டுபிடித்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் பேரனை விட்டுப் பாட்டனிடம் போக வேண்டும்.

போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான மடெய்ரா, அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள ஒரு தீவு. திராட்சைத் தோட்டங்களால் வாழ்ந்த தீவு. 1870களில் திராட்சைக் கொடிகளை ஒரு பூச்சி அழிக்க, சனம் பட்டினியில் விழுந்தது. உலகத்தின் மறுகோடியில், அப்போது தனி இராச்சியமாக இருந்த ஹவாயில், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாயின் சொந்தக் குடிகள் பெருந்தொகையாக மாண்டுபோக, தோட்டக்காரர்கள் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போர்த்துக்கேயத் தீவுகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். எங்கள் மலையக உறவுகளின் மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

1879 ஏப்ரலில் மடெய்ராவிலிருந்து புறப்பட்ட 'ராவன்ஸ்கிராக்' என்ற கப்பல் தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி நான்கு மாதம் ஓடி, அவ்வருடம் ஆகஸ்ட் 23 ஆம் திகதி ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. ஆண், பெண், குழந்தைகள் என 400 பேருக்கு மேல். அவர்களில் மூவர் மரவேலை தெரிந்தவர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாந்தோ. கப்பலில் மச்செட் என்ற நான்கு நரம்புக் குட்டி வாத்தியமும் வந்தது. வந்திறங்கி இரண்டு கிழமை ஆவதற்குள், இந்த மடெய்ராக்காரர் இரவிரவாகத் தெருவில் பாடி வாசித்துச் சனங்களை மகிழ்விக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதிவிட்டது. கூலிக்கு வந்தவன் முதலில் காட்டிய முகவரி பாட்டுத்தான்.

தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அந்த மூன்று தச்சர்களும் ஹொனலூலுவில் பட்டறை போட்டார்கள். அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம், ஊர் மரத்தை எடுத்ததுதான் என்பது என் எண்ணம். ஹவாயில் மட்டுமே வளரும் கோவா மரம் அந்த மக்களுக்குத் தோணி செய்யும் மரம். அதே மரத்தில் மச்செட்டின் உடலை அமைத்து, ரஜாவ் என்ற இன்னொரு மடெய்ரா வாத்தியத்தின் சுருதிமுறையை அதற்கு ஏற்றிய போது புதிதாக ஒன்று பிறந்தது. ஹவாய் மக்கள் அதற்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். 'உக்கு' என்றால் தெள்ளு, 'லேலே' என்றால் துள்ளுவது. நரம்பின் மேல் விரல்கள் தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுகின்றன என்று ஒரு விளக்கம். பின்னாளில் அரசியாக வந்த லில்லியுகலானி வேறு விளக்கம் சொன்னார்: இங்கே வந்து சேர்ந்த பரிசு. எனக்கு அரசியின் விளக்கமே பிடித்திருக்கிறது. ஆனால் தெள்ளு என்ற பகிடியும் இலேசில் விட்டுவிடக் கூடியதல்ல.

அப்போது அரசராயிருந்த கலாகவுவா இசைப்பிரியர். மிஷனரிமாரின் செல்வாக்கால் பொது இடங்களில் ஒடுக்கப்பட்டிருந்த ஹூலா நடனத்தை அவர் மீண்டும் அரண்மனை முற்றத்துக்குக் கொண்டு வந்தார். 1886 இல் நடந்த அவரது 50 ஆவது பிறந்தநாள் விழாவில் ஹூலாவுக்குப் பக்கவாத்தியமாக யுகுலேலே ஒலித்தது. கப்பல் வந்து ஏழே வருடம்! கூலிக்காரன் கொண்டு வந்த சாமான் அரச சபையில் ஏறியது. அதனால் ஹூலா கெட்டுப்போனதென்று அங்கே எவரும் சொல்லவில்லை.

கெட்டது வேறு இடத்தில். கரும்பு முதலாளிகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் 1887 இல் துப்பாக்கி முனையில் அரசரின் அதிகாரத்தைப் பறித்தார்கள். 1891 இல் அவர் இறக்க, தங்கை லில்லியுகலானி அரியணை ஏறினார். 1893 ஜனவரியில் 'பொஸ்ரன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160 க்கு மேற்பட்ட படையினர் இறங்கி நிற்க, அரசி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1895 இல் தன் சொந்த அரண்மனையிலேயே ஓர் அறைக்குள் சிறை வைக்கப்பட்டார். உலகம் முழுக்கத் தெரிந்த 'அலோஹா ஓயே' என்ற பாடலை இயற்றியவர் இந்த அரசிதான். 1896 இல் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் வந்தது. அமெரிக்காவுடன் இணைக்க வேண்டாம் என்று 1897 இல் 21,000 க்கு மேற்பட்ட ஹவாயர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். மறுவருடமே இணைத்து விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி போனால் இரண்டு தலைமுறையில் என்ன நடக்குமென்று எங்களுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. யுகுலேலேயைக் கொண்டு வந்ததும் கரும்பு. இராச்சியத்தைக் கொண்டு போனதும் கரும்பு.

இதற்குப் பிறகு யுகுலேலே உலகப் புகழ் அடைந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1915 இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர் வாசிக்க, அமெரிக்கா முழுவதும் அது ஒரு பைத்தியமாகப் பிடித்தது. தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. பகிடிப் பாட்டுக்காரரின் கையில் அது விளையாட்டுச் சாமானாகவும் ஆனது. எமது பொதுக்கூட்டத்தில் கேட்ட சொல் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் ஹவாயில் அது விளையாட்டாகவில்லை. எடி கமாய் என்ற யுகுலேலே வித்துவானும் கபி பஹினுயி என்ற கிற்றார் மேதையும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'சன்ஸ் ஒஃப் ஹவாயி' என்ற குழுவை அமைத்தார்கள். மேரி கவேனா புகுயி என்ற மூத்த அறிஞரின் தூண்டுதலால் எடி கமாய் மறைந்து கொண்டிருந்த பழைய ஹவாய்மொழிப் பாட்டுக்களைத் தேடித் திரிந்து சேர்த்தார். அந்தக் குழுவில் அடிக்குரலுக்கு ஜோ மார்ஷல் என்பவர் பேஸ் வாசித்தார். பாட்டுக்களோடு மொழியும் தலைதூக்கியது. 1978 இல் ஹவாய்மொழி அந்த மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. 1980களில் தாய்மொழிப் பாலர் பள்ளிகள் தொடங்கின. அரசைக் கவிழ்த்ததற்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1993 இல் மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் சென்று.

ஹவாய்க் குழுக்களில் அடிக்குரல் கொடுத்தது பெரும்பாலும் ஆள் உயர டபிள் பேஸ். அதைக் காவித் திரிவது என்ன பாடு என்று காவியவனுக்குத்தான் தெரியும். குட்டி பேஸுக்கான வழி இங்கிலாந்திலிருந்து பிறந்தது. 1980களில் அலன் அஷ்வேர்த் ஜோன்ஸ், நைஜல் தோர்ன்போரி என்ற இருவர் சிலிக்கோன் இறப்பர் நரம்புகள் பூட்டிய, 18 அங்குல நரம்பு நீளமுள்ள ஒரு மின் பேஸை உருவாக்கினார்கள். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி 'அஷ்போரி' என்று பெயர். பின்னர் அமெரிக்காவில் ஓவன் ஹோல்ட் என்ற வாத்தியத் தச்சர் அந்த வழியை யுகுலேலேயின் மர உடலுக்குக் கொண்டு வந்தார். கலிபோர்ணியாவின் காலா கம்பனி அவரோடு சேர்ந்து 2009 அளவில் அதைச் சந்தைக்கு விட்டது. அவர் இந்த வாத்தியத்துக்காகத் தயாரித்த பொலியூரித்தேன் நரம்புக்குப் பெயர் 'பஹோயஹோய்'. எரிமலைக் குழம்பு ஆறி வழவழப்பாக உறைந்த பாறைக்கு ஹவாய்மொழிச் சொல்.

"சரி, அவையின்ர கதை. எங்களுக்கு இதில என்ன?" என்று கேட்பீர்கள். சொந்தம் இல்லாமல் இல்லை. இந்தக் குட்டி நரம்பு வாத்தியக் குடும்பத்தைப் போர்த்துக்கேயர் போன இடமெல்லாம் கொண்டு போனார்கள். பிரேசிலில் அது கவாக்கின்யோ. ஜகார்த்தாவுக்கு அருகே துகு என்ற கிராமத்தில் குரொஞ்சோங் என்று இன்றும் வாசிக்கிறார்கள். அந்தச் சமூகத்தின் முன்னோர், போர்த்துக்கேயரிடம் அடிமைப்பட்டுப் பின் ஒல்லாந்தரால் பத்தாவியாவில் விடுதலை பெற்றவர்கள்; அப்படி விடுதலை பெற்றோரில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619 இலிருந்து 1658 வரை ஆண்டனர். அவர்கள் இலங்கையில் விட்டுப்போன தாளத்திலிருந்து கபிறிஞ்ஞாவும் பைலாவும் வளர்ந்தன. மட்டக்களப்புப் பறங்கியர் அதைப் பேணினார்கள். அந்தத் துள்ளல் நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் பாடிய தமிழ்ப் பொப்பிலும் ஏறியது. அதற்கு எம்மவர் வைத்த பெயர் துள்ளிசை. தெள்ளுத் துள்ளும் வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது?

கர்நாடக சங்கீதத்தின் தூய்மை பற்றிக் கவலைப்படுபவர்கள், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த வயலினை நினைத்துக் கொள்ளட்டும். அதுவும் கப்பலில் வந்ததுதான்.

இனி, வாங்குபவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நான் இருப்பது நான்காம் மாடியில். இரவு பத்து மணிக்குப் பிறகு குளிக்கவே யோசிக்கும் வீடு. இந்த வாத்தியத்தை மின்தொடர்பு இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்கும் பெரிதாகக் கேளாது. சின்ன அம்பிளிபயரில் ஹெட்போன் பூட்டினால் எனக்கு மட்டும் முழு நாதம். உருக்கு நரம்பு இல்லாதபடியால் வழக்கமான காந்த ஒலிவாங்கி இதற்குச் சரிவராது. குதிரைக்கு அடியில் அதிர்வை உணரும் பீசோ பட்டி இருக்கும். அதற்குரிய பற்றறி வாசிக்கும் நடுவில் செத்துப் போகும், கையில் இன்னொன்று வைத்திருங்கள். புது நரம்பு சில நாட்களுக்கு இழுபட்டுக் கொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கும். பொறுமை வேண்டும். வியர்த்த விரல் இறப்பரில் ஒட்டும். அதற்கு நான் குட்டிக்கூரா பவுடரைக் கொஞ்சம் விரலில் பூசிக்கொள்கிறேன். ஊரில் அம்மா வெயிலுக்குப் பூசிவிட்டது, இங்கே இதற்கு உதவுகிறது. சுருதி சாதாரண பேஸ் கிற்றாரின் அதே ஒழுங்கு என்பதால், இதில் பழகிய பிள்ளை பெரிய பேஸுக்கு மாறுவது கடினமில்லை. சின்னக் கைகளுக்கு 34 அங்குலம் எட்டாது, இது எட்டும். சபை முடிவெடுக்கும் வரை என்னுடையதை சனிக்கிழமைகளில் வகுப்புக்குக் கொண்டு வருகிறேன். தொட்டுப் பார்க்க விரும்பும் பெரியவர்களும் வரலாம். கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள், நரம்பு கீறுப்படும்.