ஆத்துவாளை தெரியுமா? கடல் வாளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

மீன் மார்க்கெட்டில் 'வாளை' என்று கேட்டால், கடற்கரை ஊர்களில் வெள்ளிப் பட்டை போல மின்னும் நீளமான ஒரு கடல் மீனைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சாவாளை, ஓலை வாளை என்றெல்லாம் அதற்குப் பெயர். கடலிலேயே முள்ளுவாளை என்று இன்னொன்றும் இருக்கு. கேரளாவில் குளத்தில் வளர்த்து விற்கும் 'ஆசாம் வாளை'யோ தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பங்காசியஸ் மீன். இந்த மூன்றும் நம்ம ஆற்று வாளை அல்ல.

எப்படி இருக்கும்?

ஆற்று வாளை கெளுத்தி வகையறா. உடம்பில் செதில் கிடையாது. பக்கவாட்டில் தட்டையான நீண்ட உடல், முதுகில் பெயருக்கு ஒரு குட்டித் துடுப்பு, வயிற்றுக்கடியில் வால் வரை ஓடும் நீளத் துடுப்பு. இரண்டு ஜோடி மீசையில் மேல் ஜோடி ரொம்ப நீளம். ஆனால் பார்த்ததும் கண்ணில் படுவது வாய்தான். கண்ணையும் தாண்டிப் பின்னால் வரை கிழிந்திருக்கும். உள்ளே வரிசை வரிசையாகக் கூர்மையான சிறு பற்கள். 'நன்னீர் சுறா' என்ற பட்டம் இதற்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

2.4 மீட்டர் வரை வளரும் என்று மீனியல் நூல்களில் பதிவு உண்டு. வலையில் சிக்குபவை பெரும்பாலும் 1 மீட்டருக்கும் குறைவுதான்.

அறிவியல் பெயரில் தமிழ்!

இதன் அறிவியல் பெயர் 'வல்லாகோ அட்டு'. ஏதோ லத்தீன் என்று நினைக்க வேண்டாம். 1801-ல் ப்ளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானியர்கள் வெளியிட்ட நூலில் இந்த மீனுக்கு 'அட்டு' என்று பெயர் வைத்தார்கள். அது தமிழ்ப் பெயரிலிருந்து எடுத்தது என்பதே மீன் பெயர்களை ஆராய்வோர் தரும் விளக்கம். 'ஆத்துவாளை' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், புரியும். 'வல்லாகோ' தெலுங்கின் 'வாலுக'விலிருந்து வந்தது. 1851-ல் டச்சு மருத்துவர் ப்ளீக்கர் அதை இனப்பெயராக்கினார். இந்தியில் இது படின், வங்காளத்தில் போயால்.

சங்கப் பாடல்களில் வரும் வாளையும் இதுதான், கடல் மீன் அல்ல. குறுந்தொகையின் 8-வது பாடலில், வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் கவ்விக்கொள்கிறது வாளை. ஆலங்குடி வங்கனார் பாடியது. வயல் நீரில் கடல் வாளைக்கு என்ன வேலை?

குணம் எப்படி?

பகலில் கரையோரப் பொந்துகளில் பதுங்கும், இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும். மீன், இறால், நத்தை எதையும் விடாது. தன் இனக் குஞ்சுகளையே விழுங்கும். அதனால் கெண்டை வளர்க்கும் பண்ணைக்காரர்களுக்கு இது எதிரி. குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டுக் குளத்தைச் சுத்தம் செய்வதே, வாளை, விரால் மாதிரி ஆட்களை ஒழிக்கத்தான். மேட்டூர் போன்ற அணைகளில் மட்டும் கதை வேறு. சதை கொழுப்பானது, முள் குறைவு. அதனால் அங்கே நல்ல விலை மீன்.

ஏன் குறைகிறது?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், 'அச்சுறுத்தலை நெருங்கும்' நிலையில் இருந்த வாளை இப்போது ஒருபடி மேலே, 'அழிய வாய்ப்புள்ள' இனங்களின் வரிசையில் இருக்கிறது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய பிடிப்பு. பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மார்க்கெட்டில் தினமும் 'வாளை' குவிந்து கிடக்கும்போது, ஆற்றில் ஒரு வாளை குறைவது யார் கண்ணில் படும்?

இது வருஷத்துக்கு ஒருமுறைதான் முட்டையிடும். மழை பிடித்துப் புது வெள்ளம் வந்ததும், சினை மீன்கள் ஆழத்தை விட்டு வெள்ளம் நிற்கும் வயல்களுக்கும் ஓடைகளுக்கும் ஏறி வரும். ஆழமில்லாத தண்ணீரில் அவற்றைப் பிடிப்பது சுலபம். முட்டையிட வந்த மீன் முட்டையோடு போய்விடுவது இந்த நாட்களில்தான்.