பொதிகை உச்சியில் ஒரு கோவில்

கோவில் என்றதும் கோபுரம், பிரகாரம், கொடிமரம் என்று கற்பனை செய்துகொண்டு பொதிகை ஏறுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். 1868 மீட்டர் உயரத்தில், தமிழக-கேரள எல்லையில், வெட்டவெளியில் ஓர் அகத்தியர் சிலை. கூரை கிடையாது, மூடுபனிதான் கூரை! ஆனால் அந்தச் சிலைக்காகத்தான் மக்கள் இரண்டு நாள் காட்டுக்குள் நடக்கிறார்கள்.

சிவன்-பார்வதி திருமணத்துக்கு உலகமே வடக்கே திரண்டதால் பூமி சாய்ந்தது, அதைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பது புராணம். அவருக்கு இறைவன் திருமணக் காட்சி கொடுத்த இடம் பாபநாசம். பொதிகையில் பூங்குளத்தில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. நெல்லைக்காரர்களுக்கு மலை வேறு, ஆறு வேறு அல்ல.

இந்த மலையின் புகழ் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் 'பெட்டிகோ' மலை பொதிகைதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் கேள்விப்பட்டு எழுதிய, அவலோகிதர் வாழும் 'பொதலகம்' மலையும் இதுவே என்று சொல்வோர் உண்டு. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கற்றார் என்கிறது 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம். ஆக, இந்த மலைக்கு உரிமை கொண்டாடியது ஒரு சமயம் மட்டும் அல்ல.

ஆச்சரியமான இன்னொரு செய்தி, இங்கே ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தது! 1852இல் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், பூமியின் காந்தப்புலம் உயரத்தில் எப்படி மாறுகிறது என்று பார்க்க, 1850களில் இந்த மலை மேல் ஒரு நிலையம் கட்டினார். யானையும் புலியும் திரியும் காட்டில் கருவிகளைச் சுமந்து ஏறியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள்! வரலாற்றில் பிரவுன் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

மலையின் சொந்தக்காரர்கள் என்றால் காணி மக்கள்தான். 1987இல் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிகள் மட்டும் ஒரு சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, அதன் வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கிடைத்தது.

அகத்தியர் பிரம்மச்சாரி என்று சொல்லி, அதே காணிகளின் மரபுப்படி பெண்கள் உச்சிக்கு ஏறக் கூடாது என்றிருந்தது. புராணத்தில் அவருக்கு லோபாமுத்திரை என்ற மனைவி இருப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்! 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களையும் அனுமதிக்கச் சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியைத் தொட்டார். காணிகள் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் யாரையும் வழிமறிக்கவில்லை.

தாமிரபரணிக் கரையிலிருந்து ஏறும் பழைய வழி, 1988இல் உருவான களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. பக்தர்களுக்கு அது இப்போது திறந்தில்லை. அதனால் நெல்லை பக்தர் தன் ஊர் மலையில் ஏற, திருவனந்தபுரம் போய், கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போனக்காடு வழியாக நடக்கவேண்டும். அதுவும் ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான். மற்றவர்கள் சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் குளித்துவிட்டு, கீழே நின்றே கும்பிடுகிறார்கள்.