பெயர் மாறிய நாடுகளும் தரவில் அவற்றின் இடமும்

பொருள்களின் வகைகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் கணினிக்கு வரையறுத்துத் தரும் சட்டகமான ஆன்டாலஜி, வரலாற்றுத் தரவைக் கையாளும்போது ‘இடம்’ என்பதையே முதலில் பகுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. சோழர் காலத்தில் வேளாண் ஊர்களின் தொகுதி நாடு எனப்பட்டது. முதலாம் இராசராசன் நாடுகள் பலவற்றை இணைத்துத் தன் விருதுப்பெயர்களால் வளநாடுகளை வகுத்தான். தொண்டை நாடும் அவன் காலத்தில் சயங்கொண்ட சோழமண்டலமாயிற்று. நிலப்பரப்பு, அதன்மேல் அமைந்த ஆட்சிப்பிரிவு, அதற்கு வழங்கிய பெயர் ஆகிய மூன்றையும் ஒரே பதிவில் அடக்கினால் இம்மாற்றங்கள் யாவும் மறைந்துபோகும். அருங்காட்சியகத் தரவுகளுக்கென உருவாகி, 2006இல் ஐ.எஸ்.ஓ. 21127 என்னும் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த சிடாக் சி.ஆர்.எம். என்னும் ஆன்டாலஜி, இடத்தை வெறும் பரப்பாகவே கொண்டு, பெயரைத் தனிப்பொருளாக்கி அதனுடன் இணைக்கிறது. இதுவே சரியான வழி.

ஒரு நாட்டின் எல்லையைக் கோடாக வரைந்துவிடுவதும் போதாது. வரலாற்றறிஞர் எ. சுப்பராயலு, இன்ன நாட்டைச் சேர்ந்த இன்ன ஊர் என்று கல்வெட்டுகள் கூறுவனவற்றைத் திரட்டியே, 1973இல் வெளிவந்த நூலில் சோழநாட்டு நாடுகளை வரைபடமாக்கினார். எல்லை இவ்வாறு சான்றுகளிலிருந்து உய்த்துணரப்படுவதால், அவ்வூர்ச் சான்று ஒவ்வொன்றையும் அதன் கல்வெட்டோடும் ஆட்சியாண்டோடும் பிணைத்தே பதிய வேண்டும்.