பஞ்சுப் பேலின் எண்

பல இடங்களில் நடக்கும் வேலைகளுக்கு, ஒன்றுக்கொன்று மோதாத எண் கொடுப்பது எப்படி? கணினித் துறை இன்று கையாளும் இந்தக் கேள்வியைக் கொங்கு நாட்டின் பஞ்சுத் தொழில் நூறாண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவைப் பகுதியின் கிணற்றுப் பாசன நிலங்களில் பரவியது. இழை நீளமானதால் நல்ல விலை கிடைத்தது. விலை இருக்கும் இடத்தில் கலப்படமும் வரும். மட்டமான பஞ்சைக் கலப்பதும் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதும் நடந்தன. பிரஸ்ஸில் அழுத்திக் கட்டிய பேலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆலையில் பிரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் சரக்கு பல கை மாறியிருக்கும். யார் செய்தது என்று தெரியாதபோது அந்த ரகத்துக்கே பெயர் கெடும். ஒழுங்காக விளைவித்தவருக்கும் சேர்த்தே விலை இறங்கும்.

இந்தியப் பருத்திக் குழு 1919இல் அறிக்கை தந்தது. 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தது. பருத்தி ஜின்னிங், பிரஸ்ஸிங் தொழிற்சாலைகள் சட்டம் 1925இல் வந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனிக் குறி ஒதுக்கப்பட்டது. ஆலையைவிட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு பேலின்மீதும் அந்தக் குறியும் தொடர் எண்ணும் இடப்பட வேண்டும். எந்த எண் பேல் யாருக்காக அழுத்தப்பட்டது என்று பதிவேட்டில் அன்றாடம் எழுத வேண்டும்.

இதன் நுட்பம் எளிமையானது. திருப்பூரில் ஒரு பிரஸ்ஸில் 145ஆம் பேல் இருக்கும், கோவையில் இன்னொன்றிலும் 145 இருக்கும். குறியைச் சேர்த்தால் இரண்டும் வேறு. ஒவ்வொரு பேலுக்கும் சென்னைக்கு எழுதி எண் கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் எல்லா வகுப்பிலும் வருகை எண் 12 உண்டு. "எட்டாம் வகுப்பு ஆ பிரிவு 12" என்றால்தான் பிள்ளை யாரென்று தெரியும். அதே கணக்குதான்.

குறையும் உண்டு. பதிவேட்டில் இருந்தது பேலை அழுத்தச் சொன்னவர் பெயர், பெரும்பாலும் வியாபாரி. விளைவித்தவர் வரை எண் போகவில்லை.

ஒரு பெரிய வேலையைப் பல கணினிகள் பகிர்ந்து செய்யும்போதும் இதே சிக்கல் எழுகிறது. ஒரே மையம் எண் கொடுத்தால், அது நின்றதும் எல்லாம் நிற்கும். ஒவ்வொரு கணினியும் 1இலிருந்து தொடங்கினால் எண்கள் மோதும். கணினியின் எண்ணையும் தொடர் எண்ணையும் சேர்ப்பது ஒரு வழி. அது பேல் வழிதான். மற்றொன்று யூயூஐடி என்னும் 128 பிட் எண். 1980களில் அப்பல்லோ கம்ப்யூட்டர் நிறுவனத்தில் உருவான இந்த முறைக்கு 2005இல் இணையத் தரம் எழுதப்பட்டது. இதன் ஒரு வகையில் 122 பிட்டுகள் குருட்டாம்போக்கில் அமைவதால், மோதும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஒரே வேலை தவறுதலாக இருமுறை வந்தாலும் எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடலாம்.

இன்றைய திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் நிட்டிங், சாயப் பட்டறை, தையல் எனப் பல யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க்காகப் போகிறது. ஒவ்வொரு யூனிட்டும் தன் டெலிவரி சலானுக்குத் தானே எண் போடுகிறது. அதை வேறுபடுத்துவது 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண். ஆனால் பலர் ஏப்ரலில் சலான் எண்ணை மீண்டும் 1இலிருந்து தொடங்குவார்கள். நிதியாண்டைச் சேர்க்காமல் தேடினால் ஒரே பட்டறையிலேயே இரண்டு 145 வந்து நிற்கும்.